வாறுகால் எங்கே போய் முடிகிறது?

(திருவேங்கடத்தில் இளைஞர்கள் நடத்திய வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடையைப் பெரிதாகத் திருத்தவில்லை.)

 

என்னைக் கூப்பிட்ட தம்பி போனில், "அண்ணே, சுற்றுச்சூழல் பத்திப் பேசுங்க, ஆனா போரடிக்காம பேசுங்க" என்று சொன்னான். முதல் பாதிக்கு நான் பொறுப்பு. இரண்டாவது பாதிக்கு உத்தரவாதம் கிடையாது. பிஎச்.டி. பண்ணுகிறவனிடம் மைக்கைக் கொடுப்பதில் உள்ள ஆபத்து அதுதான்.

இன்று பஸ்ஸை விட்டு இறங்கி இங்கே நடந்து வரும்போது பஜார் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். என் சின்ன வயதில் ஓட்டு வீடும் காரை வீடுமாக இருந்த இடங்களில் இப்போது கீழே கடை, மேலே வீடு, அதற்கும் மேலே கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும் தூண்கள். அடுத்த மாடிக்கான கம்பி அது. சங்கரன்கோவில், கோவில்பட்டி, கழுகுமலை எங்கே போனாலும் இதே காட்சிதான். ஊரின் நடுப்பகுதி உயர்கிறது, நெருங்குகிறது. இதைப் பார்த்ததும் நம்மில் பலருக்கு வாயில் வருகிற வார்த்தை "கான்கிரீட் காடு". இப்படிச் சொன்னால் சுற்றுச்சூழல் பற்றிப் பேசிவிட்டதாக ஒரு திருப்தியும் வந்துவிடுகிறது.

எனக்கு அந்த வார்த்தை பிடிக்காது. ஏன் என்று சொல்கிறேன்.

நெருக்கமாகக் கட்டுவது சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. ஒரு கணக்குப் போடுவோம். 400 அடி நீளமுள்ள ஒரு தெரு. வீட்டுக்கு 20 அடி முகப்பு என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து 40 வீடுகள். கழிவுநீர்க் குழாய் பதித்தால் வீட்டுக்கு 10 அடிக் குழாய் கணக்காகிறது. இப்போது ஊருக்கு வெளியே வாருங்கள். கரிசல் காட்டில் கல் நட்டு, பெயிண்ட் அடித்து, ஏதோ ஒரு 'நகர்' என்று போர்டு வைத்திருக்கிறார்கள். அங்கே 40 அடி முகப்பு, ஐந்து மனைக்கு ஒரு வீடுதான் கட்டியிருக்கிறார்கள். அதே 400 அடிக்கு நான்கு வீடு. வீட்டுக்கு 100 அடிக் குழாய். தண்ணீர்க் குழாய், தெருவிளக்கு, ரோடு, குப்பை வண்டி எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். அதோடு அந்த நான்கு வீட்டுக்காரர்களும் பால் வாங்கக்கூட வண்டியை எடுத்தாக வேண்டும். பருத்தியும் சோளமும் உளுந்தும் விளைந்த நிலம் போனது தனிக் கணக்கு.

2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது உங்களுக்கு நினைவிருக்கும். அடுத்த ஆண்டே வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன, பணம் கட்டினார்கள், முறைப்படுத்தினார்கள். விளைநிலம் மனையாவது அதனால் நின்றுவிடவில்லை.

ஆக, ஊருக்குள் நெருக்கமாகக் கட்டிக்கொள்வது நிலத்தைக் காப்பாற்றுகிறது, பெட்ரோலைக் குறைக்கிறது, சாக்கடைத் திட்டத்தைச் சாத்தியமாக்குகிறது. இதை ஒத்துக்கொண்டுதான் மேலே பேச வேண்டும். என் கேள்வி வேறு. நெருக்கம் கூடும்போது மூன்று பொருள்கள் உற்பத்தியாகின்றன: ஓடுகிற மழைநீர், வெக்கை, மலம். இந்த மூன்றும் எந்தத் திசையில் போகின்றன? இந்த நாட்டில் அந்தத் திசையை மேடு பள்ளம் மட்டும் முடிவு செய்வதில்லை.

மழைநீரை எடுத்துக்கொள்வோம். மூன்று சென்ட் மனை என்றால் சுமார் 1,306 சதுர அடி. ஆதிதிராவிடர் நலத்துறைப் பட்டாவில் எங்கள் வீட்டுக்குக் கிடைத்ததும் இதே மூன்று சென்ட்தான், அதனால் எனக்கு இந்த எண் மனப்பாடம். அந்த மனை முழுக்க சிமெண்ட் போட்டு மூடியிருந்து, 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் அதிலிருந்து வெளியேறும் தண்ணீர் ஏறத்தாழ 12,000 லிட்டர். ஒரு பெரிய தண்ணீர் லாரி நிறைய. 50 மனைக்கு 50 லாரி. நமது கரிசல் மண் ஈரம் பட்டதும் உப்பி, வெடிப்பெல்லாம் மூடிக்கொண்டு, தண்ணீரை மெதுவாகத்தான் உள்ளே விடும். அது தெரிந்துதான் நம் முன்னோர் வயலில் வரப்பு போட்டு, ஓடைக்கு வழி விட்டு, கண்மாயில் தேக்கினார்கள். பஜாரில் பின்வாசல், மாட்டுத்தொழுவம், கிணற்றடி என்று திறந்து கிடந்த துண்டு நிலங்கள் எல்லாம் மூடப்பட்டபின், முன்பு மூன்று மணி நேரத்தில் மெல்ல வந்த தண்ணீர் இப்போது அரை மணியில் மொத்தமாக வாறுகாலுக்கு வருகிறது. வாறுகால் அதே பழைய வாறுகால்தான். பல இடங்களில் அதன் மேல் சிலாப் போட்டுக் கடையின் படிக்கட்டு ஏறியிருக்கிறது.

நான் கள ஆய்வு செய்த ஊர் ஒன்று இருக்கிறது. பெயர் சொல்ல மாட்டேன். ஆய்வு ஒழுக்கம் ஒரு காரணம். என் அம்மாவின் சொந்தக்காரர்கள் அங்கே குடியிருக்க வேண்டும் என்பது இன்னொரு காரணம். அங்கே பஜாரில் தொடங்கும் வாறுகாலைப் பிடித்துக்கொண்டு, கையில் நோட்டுடன் நடந்தேன். நகைக்கடை, ஜவுளிக்கடை, மண்டபம், மூன்று மாடி வீடுகள். அதுவரை வாறுகாலுக்குச் சிமெண்ட் சுவர் இருந்தது. அப்புறம் சுவர் ஒரு பக்கம் மட்டும். அப்புறம் வெறும் பள்ளம். காலனி தொடங்குகிற இடத்தில் அந்தப் பள்ளமும் இல்லை. தண்ணீர் தெருவாகிவிட்டது. ஒரு பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "என்னத்தப்பா எழுதுற?" என்று கேட்டார். "வாறுகால் எங்கே போய் முடியுதுன்னு பார்க்கிறேன், பாட்டி" என்றேன். "எங்க வீட்லதான்" என்றார்.

பல முறை மனு கொடுத்திருக்கிறார்கள். அந்த அலுவலகத்தில் சொன்ன பதில், "காலனி பள்ளத்துல இருக்கு, நாங்க என்ன செய்ய?" உண்மைதான், பள்ளத்தில்தான் இருக்கிறது. பள்ளத்தில் யார் குடியிருக்க வேண்டும் என்று முடிவு செய்தது மழையா? கண்மாய்க்குக் கீழே, சுடுகாட்டுக்குப் பக்கத்தில், ஊர்க் கழிவு போய்ச் சேரும் முனையில் சேரி இருக்க வேண்டும் என்று தீர்மானித்தது சாதி. பிற்பாடு அரசு நிலம் வாங்கிப் பட்டா கொடுத்தபோதும் வேறு யாரும் வாங்காத மலிவான தாழ்ந்த நிலத்தையே வாங்கிக் கொடுத்தது. பொறியாளர் வந்து லெவல் பார்த்து, "இயற்கையான சரிவு" என்று எழுதிவிட்டுப் போகிறார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஊரின் நடுப்பகுதி இப்போதுதான் நெருக்கமாகிறது என்கிறோம். காலனி முப்பது வருடத்துக்கு முன்பே நெருக்கமாகிவிட்டது. எங்கள் மூன்று சென்ட்டில் தாத்தா காலத்தில் ஒரு குடும்பம். இப்போது மூன்று குடும்பம், பதினான்கு பேர். முற்றத்தில் நின்ற வேம்பை வெட்டித்தான் சித்தப்பா வீட்டுக்குச் சுவர் வந்தது. வெட்டின அன்று பாட்டி சாப்பிடவில்லை. வேறு எங்கே போய் வீடு கட்டுவது? பஜார் பக்கம் மனை கேட்டால் விலைக்கு முன்னால் "நீங்க எந்தத் தெரு?" என்று கேட்பார்கள். மரம் வெட்டாதீர்கள் என்று யாராவது எங்களுக்கு வகுப்பெடுக்க வந்தால், இந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிட்டு வகுப்பை ஆரம்பிக்கட்டும்.

வெக்கைக்கு வருகிறேன். குறுகலான தெரு என்றாலே சூடு என்று நினைக்க வேண்டாம். பகலில் இரண்டு பக்கச் சுவரும் நிழல் தரும். பழைய ஊர்களில் தெருக்கள் குறுகலாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். சிக்கல் இரவில்தான். செங்கலும் கான்கிரீட்டும் பகல் முழுக்க வெயிலைக் குடித்துவைத்து, பொழுது சாய்ந்தபின் திருப்பி விடுகின்றன. வானம் அகலமாகத் தெரிகிற இடத்தில் அந்தச் சூடு மேலே போய்விடும். சுவருக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் போகாது. இதற்கு மேல் கடைகளின் ஏசி பெட்டி. நான் சொன்ன ஊரில் ஒரு ஜவுளிக்கடையின் ஏசி பெட்டிகள் ஆறும் பின்பக்கச் சந்தைப் பார்த்துத்தான் மாட்டப்பட்டிருந்தன. முன்பக்கம் மாட்டினால் வாடிக்கையாளருக்குச் சூடு அடிக்கும் அல்லவா? பின்சந்தில் குடியிருந்தவர்கள் பேரூராட்சித் தூய்மைப் பணியாளர் குடும்பங்கள். அதிகாலையில் எழுந்து ஊரைக் கூட்டப் போக வேண்டியவர்கள். ராத்திரி ஒரு மணி வரை தூங்க முடியவில்லை என்றார்கள்.

என் அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனவர். கட்டு வாங்கி வந்து வீட்டிலேயே பெட்டி ஒட்டியவர். நம் பக்கத்துப் பெண்களில் பாதிப் பேருக்கு வீடுதான் தொழிற்கூடம். பசை காய்ந்துவிடும் என்று ஃபேன் போட மாட்டார்கள். தகரத்துக்குக் கீழே, ஃபேன் இல்லாமல், ஏப்ரல் மாதம். 'நகர வெப்பத் தீவு' என்று நாங்கள் கட்டுரையில் எழுதுவதன் அனுபவம் அவர்களிடம் இருக்கிறது.

மூன்றாவதைப் பற்றிப் பேச யாருக்கும் பிடிக்காது. பாதாளச் சாக்கடை இல்லாத ஒரு சிற்றூரில் மாடி ஏற ஏற என்ன நடக்கும்? ஒரு குடும்பத்துக்குக் கட்டின செப்டிக் டேங்க்கில் நான்கு குடும்பம், கீழே ஒரு ஹோட்டல். மூன்று வருடத்தில் நிறைய வேண்டியது ஆறு மாதத்தில் நிறைகிறது. உறிஞ்சுகுழிக்கு இடமில்லாததால் நிரம்பி வழிவது நேராக வாறுகாலுக்கு. அந்த வாறுகால் எங்கே போகிறது என்று ஏற்கெனவே பார்த்துவிட்டோம். லாரி வைத்து உறிஞ்சினால் அதைக் கொண்டுபோய் எங்கே கொட்டுகிறார்கள் என்பது அடுத்த கேள்வி. லாரிக் குழாய்க்கு எட்டாத, அடியில் இறுகிப்போன கசடுக்கு யாரை இறக்குகிறார்கள் என்பது அதற்கடுத்த கேள்வி.

மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடை செய்யும் சட்டம் 2013இல் வந்தது. 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடு என்றது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக்கியது. தொகை ஏறுகிறது, சாவு நிற்கவில்லை. ஒரு மாடி கட்ட அனுமதி கொடுக்கும் ஒவ்வொரு கையெழுத்தும் ஒரு குழியை ஆழமாக்குகிறது. அந்தக் குழிக்குள் இறங்கப்போகிறவரின் சாதி கையெழுத்துப் போடுகிறவருக்குத் தெரியும். கட்டட வரைபடத்தில் படிக்கட்டு எங்கே, ஜன்னல் எங்கே, கார் எங்கே நிற்கும் என்றெல்லாம் இருக்கிறது. நிறைந்த தொட்டியை எதைக் கொண்டு, யார், எத்தனை மாதத்துக்கு ஒரு முறை காலி செய்வது என்று ஒரு வரி இருக்கிறதா? நெருக்கத்தை எதிர்ப்பதற்குப் பதிலாக நான் கேட்கச் சொல்வது இதைத்தான். நெருக்கமாக இருக்கும் இடத்தில்தான் குழாய் மலிவு என்று முதலிலேயே பார்த்தோம். அந்த மலிவைப் பயன்படுத்தாமல் மாடியை மட்டும் ஏற்றுவது, செலவை அருந்ததியர் உயிரில் கழிப்பதாகும்.

இப்போது சென்னைக்குப் போய்விட்டு வருவோம்.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019இல் வந்தன. மாநிலம் முழுமைக்கும் ஒரே விதி. அதில் தளப்பரப்புக் குறியீடு என்று ஒன்று உண்டு, எஃப்.எஸ்.ஐ. என்பார்கள். மனையைப் போல எத்தனை மடங்கு பரப்பு கட்டலாம் என்பதுதான் அது. முன்பு சாதாரணக் கட்டடத்துக்கு 1.5 ஆக இருந்தது 2 ஆனது. அடுக்குமாடி உயரக் கட்டடத்துக்கு 3.25. அதற்கு மேலும் வேண்டுமென்றால் காசு கட்டி வாங்கிக்கொள்ளலாம். இது விலைக்கு வாங்கக்கூடிய நெருக்கம். மெட்ரோ பக்கத்தில், பூங்கா பக்கத்தில், கீழே கார் நிறுத்த இடத்தோடு வரும்.

இன்னொரு நெருக்கமும் சென்னையில் உண்டு. 1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் முதலில் மக்கள் இருந்த இடத்திலேயே மூன்று, நான்கு மாடி கட்டிக்கொடுத்தது. தரம் பற்றி ஆயிரம் குறை சொல்லலாம், ஆனால் வேலைக்கு நடந்து போகலாம். 2000க்குப் பிறகு திசை மாறியது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கம். பெரும்பாக்கத்தில் மட்டும் 20,000க்கும் மேற்பட்ட வீடுகள், எட்டு மாடிக் கட்டடங்கள் வரிசை வரிசையாக. நகரத்தின் நடுவிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல். பக்கத்தில் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். அதில் மிஞ்சிய சுமார் 1,250 ஹெக்டேரை 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்த்துக் கொண்டாடினோம். தண்ணீர் தேங்க வேண்டிய அந்தத் தாழ்நிலப் பகுதியில்தான் நகரத்தின் நடுவில் வேண்டாதவர்களுக்கு வீடு. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, ஆற்றங்கரையில் இருப்பது உங்களுக்கு ஆபத்து என்று சொல்லி அடையாறு, கூவம் கரைகளிலிருந்து குடும்பங்களை அங்கே கொண்டுபோனார்கள். அதே வெள்ளத்தில் செம்மஞ்சேரியும் மூழ்கியிருந்தது. ஆற்றங்கரையில் இருந்த பெரிய கட்டடங்களுக்கு யாரும் லாரி அனுப்பவில்லை.

அங்கிருந்து மயிலாப்பூருக்கும் நுங்கம்பாக்கத்துக்கும் வீட்டு வேலைக்கு வரும் அக்காமார்கள் அதிகாலையிலேயே பஸ் ஏறுகிறார்கள். நடந்துபோய் வேலை செய்துகொண்டிருந்தவர்களைத் தூக்கி இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி வைத்துவிட்டு, நகரத்தின் நடுவில் 'நடக்கக்கூடிய பசுமை நகரம்' என்று கருத்தரங்கம் நடத்துகிறோம். நானும் அந்தக் கருத்தரங்கங்களில் டீ குடித்திருக்கிறேன்.

நம் பக்கத்தையும் விட்டுவிடக் கூடாது. சென்னையின் நெருக்கமான வியாபாரப் பகுதி தியாகராய நகர். நூறு வருடத்துக்கு முன்னால் அது மாம்பலம் ஏரி. நுங்கம்பாக்கம் தொடங்கித் தெற்கே நீண்டு கிடந்த நெடிய ஏரியின் ஒரு பகுதி. 1923 வாக்கில் அதை வடித்து மனையாக்கியது நீதிக்கட்சி ஆட்சியில்தான். ஊருக்கு வைத்த பெயரும் நீதிக்கட்சித் தலைவர் பெயர், பூங்காவுக்கு வைத்த பெயரும் பனகல் அரசர் பெயர். இட ஒதுக்கீட்டுக்காக அவர்களுக்கு நான் நன்றி சொல்வேன். ஏரிக்காக நன்றி சொல்ல முடியாது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லப் பழகுவோம்.

இந்த இடத்தில் ஒரு தோழர் கேட்கலாம்: அப்படியென்றால் கிராமமே மேலா? அங்கே மரம் இருக்கிறது, காற்று இருக்கிறது, நெருக்கடி இல்லை. இல்லை தோழர். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அரசமைப்பு வரைவை முன்வைத்துப் பேசும்போது, கிராமத்தைப் போற்றியவர்களுக்கு அண்ணல் அம்பேத்கர் கொடுத்த பதிலைத் தேடிப் படியுங்கள். கிராமத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது, சரி. ஊருக்கும் சேரிக்கும் நடுவே இருக்கிற வெட்டவெளியும் இடைவெளிதான். பார்ப்பதற்கு அதுவும் பசுமையாகத்தான் இருக்கும். நெருக்கமான ஒரு தெருவில், ஒரே மாடிப்படியை, ஒரே குழாயைப் பகிர்ந்துகொள்ள வேண்டிய கட்டாயம் வருமானால், அது சாதியைக் கொஞ்சமாவது நெளிய வைக்கும் என்று நம்புகிறவன் நான்.

நம்பிக்கைக்கும் ஆதாரம் தேட வேண்டுமே. திரினா விதயத்தில், காயத்ரி சிங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2001 கணக்கெடுப்பை வைத்து இந்தியாவின் ஏழு பெருநகரங்களைப் பார்த்தார்கள். 2012இல் எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லியில் வந்தது. வசதி அடிப்படையில் மக்கள் பிரிந்து வாழ்வதைவிட, சாதி அடிப்படையில் பிரிந்து வாழ்வது அதிகம் என்பது அவர்கள் கண்டது. ஏழில் சென்னையும் ஒன்று. ஆக நெருக்கம் மட்டும் சாதியைக் கலைக்காது. மாடி மேல் மாடி கட்டலாம், 'வெஜிடேரியன் மட்டும்' என்று ஒரு போர்டு மாட்டினால் போதும், தெருப் பிரிவினை லிஃப்ட்டில் ஏறி மேலே வந்துவிடும்.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. திருநெல்வேலி புதிய பேருந்து நிலையத்தில் எத்தனையோ முறை இறங்கியிருப்பீர்கள். அது வேய்ந்தான்குளத்தில் கட்டியது. மழை பெய்தால் பஸ் ஸ்டாண்டில் தண்ணீர் என்று செய்தி போடுகிறார்கள். குளத்தில் பஸ் நிற்கிறது என்று போட்டால் சரியாக இருக்கும். 2023 டிசம்பர் 17, 18இல் தாமிரபரணி பொங்கியபோது ஜங்ஷன் பகுதி மூழ்கியது, கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகத்துக்குள் தண்ணீர் போனது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். அந்த மழைக்கு எந்த வாறுகாலும் தாங்காது, உண்மை. ஆனால் தண்ணீர் வடிய ஆரம்பித்ததும் மோட்டார் எந்தத் தெருவுக்கு முதலில் போனது, எந்தத் தெருவுக்குக் கடைசியில் போனது என்று குறித்து வைத்திருக்கிறோமா? நான் சில தெருக்களில் கேட்டுக் குறித்து வைத்திருக்கிறேன். அது என் நாலாவது அத்தியாயம். இன்னும் எழுதி முடியவில்லை. நெறியாளர் இந்தக் கூட்டத்துக்கு வரவில்லை என்ற தைரியத்தில் சொல்கிறேன்.

இந்த ஊரில் என்ன செய்யலாம் என்று தம்பி கேட்டிருந்தான். பேரூராட்சிகளில் வார்டு குழு, பகுதி சபை எல்லாம் விதியில் வந்துவிட்டன. 2022 நவம்பர் 1 உள்ளாட்சி நாளில் இருந்து பகுதி சபைக் கூட்டங்கள் நடத்துகிறார்கள். பெரும்பாலும் கையெழுத்து வாங்கிக்கொண்டு டீ கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அங்கே போய் 'மரம் நடுங்கள்' என்று மனு கொடுக்காதீர்கள். மரக்கன்றோடு போட்டோ எடுத்துக்கொண்டு விஷயத்தை முடித்துவிடுவார்கள். கட்டட அனுமதிப் பட்டியலைக் கேளுங்கள். எத்தனை மாடிக்கு அனுமதி, மழைநீர் சேகரிப்பு உண்மையில் கட்டினார்களா, கழிவுத் தொட்டியின் அளவு என்ன என்று கேளுங்கள். 2003இல் இருந்து மழைநீர் சேகரிப்பு கட்டாயம். பல வீடுகளில் ஒரு பிவிசி குழாய் சுவரோடு இறங்கி மண்ணுக்குள் போவது போல நடித்துக்கொண்டு நிற்கிறது. அதைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பஜாருக்கு நடுவே ஒரு மனை காலியானால், காலனியில் மூன்று சென்ட்டில் பதினான்கு பேராக இருப்பவர்களுக்கு அங்கே மாடி வீடு கட்டிக் கொடு என்று கேளுங்கள். இதுதான் கூட்டத்தில் சிரிப்பை வரவழைக்கும். சிரிக்கட்டும், யார் சிரிக்கிறார்கள் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.

அதற்கெல்லாம் முன்னால் ஒரு வரைபடம் வேண்டும். எந்த அலுவலகத்திலும் கேட்டு வாங்க வேண்டாம், நாமே வரையலாம். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு பஸ் ஸ்டாண்டு வாசலில் நிற்கிறேன். வாறுகால் தொடங்குகிற இடத்திலிருந்து அது முடிகிற இடம் வரை நடப்போம். வழியில் எத்தனை ஏசி பெட்டி, எந்தச் சந்தைப் பார்க்கிறது என்பதையும் எண்ணிக்கொள்வோம். பிளஸ் டூ படிக்கிற தங்கச்சி ஒருத்தி செல்போனில் மேப் போடத் தெரியும் என்றாள், அவள் முன்னால் நடப்பாள். கடைசி ஐந்நூறு அடிக்கு வாறுகால் இருக்காது என்று நினைக்கிறேன். பழைய செருப்பு போட்டுக்கொண்டு வாருங்கள்.